தம்பியின் வலது கை

என் தம்பி வீட்டைப் பூட்டினால் பூட்டை ஒரே ஒருமுறைதான் இழுத்துப் பார்ப்பான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஒரு வேலையைச் செய்தால் அதோடு முடிந்தது. செய்தோமா இல்லையா என்று திரும்பி யோசிக்கிற வழக்கம் அவனுக்குக் கிடையாது. பரீட்சை எழுதிவிட்டு வந்தால் கேள்வித்தாளை மடித்து வீசிவிட்டு விளையாடப் போய்விடுவான். நான்தான் உட்கார்ந்து ஒவ்வொரு விடையாகச் சரிபார்ப்பேன். மதிப்பெண் அவனுக்குத்தான் அதிகம் வரும்.

நீங்கள் கொடுத்த தாளில் ‘விபத்துக்கு முன் அவருடைய இயல்பு’ என்று ஒரு கேள்வி இருக்கிறது, டாக்டர். அதற்கு நான்கு வரிக்குத்தான் இடம் விட்டிருக்கிறீர்கள். அது போதாது என்று தனித்தாளில் எழுதுகிறேன்.

போன வாரம் நீங்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது மனதிலேயே நிற்கிறது. அவனுக்கு வைத்த சோதனைகளைப் பற்றிச் சொன்னீர்கள். இருபது சொற்களைச் சொல்லி, அரை மணி கழித்துக் கேட்டபோது பத்தொன்பதைத் திருப்பிச் சொன்னானாம். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துக்கொண்டு தவறில்லாமல் இறங்கினானாம். “ஞாபகத்துல ஒரு குறையும் இல்லை. ஆனா தன்னோட ஞாபகத்தை மட்டும் அவர் நம்பவே மாட்டேங்கிறார். ஏன்னு கூடவே இருக்கற உங்களுக்குத்தான் தெரியணும்” என்றீர்கள். அடுத்த மாதத்திலிருந்து வேறொரு மாத்திரை, கொஞ்சம் கடுமையானது, தொடங்கலாமா என்று யோசிப்பதாகவும் சொன்னீர்கள்.

இல்லாத நோய்க்கு மருந்து கொடுப்பது சரியில்லை. அதனால்தான் எழுதுகிறேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

நாங்கள் இருவரும் ஒரே சலவைக்கூடத்தில் வேலை பார்த்தோம். மூன்று மருத்துவமனைகளின் படுக்கை விரிப்பும் அறுவை அறைத் துணிகளும் அங்கேதான் வெளுக்க வரும். பத்து டிரையர்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை நீராவி; தரை எப்போதும் ஈரம்; சுவர் மூலைகளில் பஞ்சுத் தூசு பூனை முடி மாதிரி ஒட்டிக் கிடக்கும். நான் அங்கே பத்தொன்பது வருடம் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். தம்பி படித்துப் பட்டயம் வாங்கிக்கொண்டு எனக்குப் பத்து வருடம் கழித்துச் சேர்ந்தான். விபத்துக்கு ஆறு மாதம் முன்னால் அவனைப் பராமரிப்புப் பிரிவுக்கு மேற்பார்வையாளர் ஆக்கினார்கள்.

எனக்கு அதில் வருத்தமில்லை. எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தவனே நான்தான். இஸ்திரிப் பிரிவில் ஒரு பெண் இருக்கிறாள், பெட்டிக்காரம்மா என்று கூப்பிடுவோம். இனிப்பை வாங்கிக்கொண்டே, “அப்ப வீட்ல நீங்க அண்ணன், இங்க அவர் அண்ணன்” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவைதான்.

தம்பி பொறுப்புக்கு வந்ததும் ஒரு விதி கொண்டுவந்தான். எந்த இயந்திரத்தில் கை வைப்பதற்கு முன்னாலும் சுவிட்ச் அறைக்குப் போய் அதன் மெயினை அணைக்க வேண்டும். அணைத்த கைப்பிடியில் ஒரு சிவப்புப் பூட்டைப் போட வேண்டும். சாவி வேலை செய்கிறவன் பையில் இருக்க வேண்டும். பிறகு டெஸ்டர் வைத்து மின்சாரம் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே கை விட வேண்டும். ஆளுக்கொரு பூட்டு. அவனுடைய பூட்டுக்கு மாற்றுச்சாவி ஒன்று என்னிடம் இருந்தது. அவசரத்துக்கு யாராவது ஒருவரிடம் இருக்கட்டும் என்று அவனே கொடுத்தான். “உன்ன விட்டா யார்கிட்ட குடுப்பேன்” என்றான்.

பத்தொன்பது வருடம் பூட்டில்லாமல் வேலை பார்த்தவன் நான். ஒரு நாள் நாலாம் எண் டிரையரில் ஐந்து நிமிட வேலை. பூட்டுப் போடாமல் செய்தேன். தம்பி பார்த்துவிட்டான். மறுநாள் எனக்கு ஒரு மெமோ வந்தது. அவனே கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினான். “மனசுல வெச்சுக்காதண்ணா. உனக்குக் குடுக்கலைன்னா மத்தவங்களுக்கு எப்படிக் குடுப்பேன்” என்றான். அவன் சொன்னது நியாயம். எவ்வளவு யோசித்தாலும் அதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மிச்ச வேலையைப் பார்த்தேன். அம்மா உயிரோடு இருந்திருந்தால், சின்னவன் பெரியவனுக்கு மெமோ கொடுத்ததைப் பார்த்துச் சிரித்திருப்பாள். கீழே அவன் கையெழுத்து. தெளிவாக, அழகாக இருந்தது.

அது நடந்து பதினோரு நாள் கழித்து, காலை பத்து மணி சுமாருக்கு, ஆறாம் எண் டிரையரின் பின்பக்கப் பெட்டியில் கருகிப்போன ஒரு வயரை மாற்றும்போது தம்பிக்கு மின்சாரம் பிடித்தது. எப்படிப் பிடித்தது என்பதை ஒழுங்காகப் பிறகு சொல்கிறேன். முதலில் அவன் உடம்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு அதுதானே வேண்டும்.

நான் போனபோது ஈரத்தரையில் பக்கவாட்டில் கிடந்தான். நினைவு இருந்தது. கண் திறந்திருந்தது. உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது, குளிர் காய்ச்சல் வந்தவன் மாதிரி. பெட்டிக்காரம்மா அவன் தலையை மடியில் எடுத்து வைத்திருந்தாள். வலது உள்ளங்கையில் ஒரு புண், சட்டைப் பொத்தான் அளவு. நடுவில் சாம்பல் நிறம், சுற்றிலும் வெள்ளை. ரத்தம் ஒரு சொட்டுக்கூட இல்லை. இரும்புச் சட்டத்தில் முட்டுக் கொடுத்திருந்த இடது முழங்காலில் அதைவிடச் சின்னதாக இன்னொன்று. அவ்வளவுதான். வெந்நீர் கொட்டிய கையே அதைவிட மோசமாக இருக்கும்.

பெட்டிக்காரம்மா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னாள். நான் வேண்டாம் என்றேன். மேலாளரும் என் முகத்தைப் பார்த்தார். பத்தொன்பது வருட எலக்ட்ரீஷியன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். புண்ணில் மருந்து தடவி, துணி சுற்றி, வாடகைக் காரில் வீட்டுக்கு அழைத்துப் போனேன். வழியில் தம்பியிடம் சொன்னேன்: ஆஸ்பத்திரிக்குப் போனால் விசாரணை வரும், பாதுகாப்பு விதி கொண்டுவந்தவனே அடிபட்டான் என்றால் உன் பதவி என்ன ஆகும், ஒரு நாள் பொறுத்துப் பார்ப்போம். அவன் தலையாட்டினான். அவனுக்கு அப்போது எதைச் சொன்னாலும் தலையாட்டத்தான் முடிந்தது.

தம்பி மனைவி என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள். அவளிடமும் நானே பேசினேன். எங்கள் தொழிலில் இது சகஜம், எனக்கே இருபது முறை அடித்திருக்கிறது, கையை உதறிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறேன் என்றேன். உண்மைதான். அவளும் சமாதானமானாள்.

மத்தியானத்துக்கு மேல் அவன் முன்கை வீங்கத் தொடங்கியது. தோல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தொட்டால் மரக்கட்டை. விரல்கள் உள்ளங்கையை நோக்கி மடங்கிக்கொண்டன. ஒரு விரலை மெல்ல நிமிர்த்திப் பார்த்தேன். தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தான். “உள்ளுக்குள்ள யாரோ முறுக்கிப் பிழியறாப்ல இருக்குண்ணா” என்றான். நான் கையைத் தலையணை மேல் உயர்த்தி வைத்து, ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தேன். அன்றைக்கு அவன் பக்கத்தை விட்டு நான் நகரவேயில்லை. இதை அவளே உங்களுக்குச் சொல்வாள்.

மறுநாள் காலை அவள் குளியலறையிலிருந்து வந்து என் முன்னால் நின்றாள்.

“மாமா, ஒண்ணுக்குக் கறுப்பா போகுது. பால் விடாத டீ மாதிரி. எனக்குப் பயமா இருக்கு.”

“தண்ணி குடிக்கலைல்ல, அதான். நிறையக் குடிக்கச் சொல்லும்மா” என்றேன்.

அவள் போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அவன் குடித்தான். அடுத்த முறை ஒரு கரண்டி அளவுதான் வந்தது, நிறம் மாறவில்லை. அதற்குள் அவன் விரல் நுனிகள் பச்சைத் தண்ணீர் பட்டாலும் உணராமல் போயிருந்தன. பத்து மணிக்கு, ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டாள். சாயங்காலம் பார்க்கலாம் என்றேன். மாத்திரை வாங்கி வர நான் கடைக்குப் போன நேரத்தில், பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அவளே அவனை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன். அப்போது மணி பன்னிரண்டு. மின்சாரம் பிடித்து இருபத்தாறு மணி நேரம்.

அங்கே அறுவை மருத்துவர், கொஞ்சம் வயதானவர், எங்கள் இருவரையும் நிற்க வைத்தே பேசினார். எப்போது நடந்தது என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டார்.

“மேல இருக்கற புண்ண பாத்து ஏமாந்துட்டீங்க. கரண்ட் தோலை லேசா சுட்டுட்டு உள்ள போயிடும். நரம்பு, ரத்தக்குழாய், சதை வழியா ஓடி, போற வழியெல்லாம் வேக வெச்சுட்டுப் போகும். வெந்த சதை வீங்கும். வீங்க இடமில்லாம ரத்த ஓட்டத்தை நெரிக்கும். செத்த சதையில இருந்து கசியறது சிறுநீரகத்தைப் போய் அடைக்கும். அந்தக் கறுப்பு அதுதான். நேத்தே வந்திருந்தா தோலைக் கீறி அழுத்தத்தை எடுத்து விட்டிருப்பேன். கை பிழைச்சிருக்கும்.”

ஏமாந்துவிட்டோம் என்று அவர் நினைத்தது எனக்கு ஆறுதலாக இருந்தது.

இதயத் துடிப்பு தப்பித் தப்பி ஓடியதால் இரண்டு நாள் கம்பிகளை ஒட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ரத்தத்தைச் சுத்திகரிக்க மூன்று வாரம் இயந்திரத்தோடு இணைத்தார்கள். கையைத் திறந்து பார்த்தபோது சதை அவித்த கறி நிறத்தில் இருந்ததாம், தொட்டால் துடிக்கவில்லையாம். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் வெட்டி எடுத்தார்கள். ஒன்பதாம் நாள் முழங்கைக்குக் கீழே முழுக்க எடுத்துவிட்டார்கள். ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட அவனால் முடியவில்லை. நான் போட்டேன்.

இப்போது இல்லாத அந்தக் கைதான் அவனை அதிகம் படுத்துகிறது. அது இன்னும் மூடியே இருக்கிறது என்கிறான். நகம் உள்ளங்கையில் குத்துகிறது என்கிறான். “திறக்க வரலண்ணா” என்று சில சமயம் அழுவான். அவனுடைய இடது கை நகங்களை நான்தான் வெட்டிவிடுகிறேன். சட்டைப் பொத்தான் போட்டு விடுகிறேன். சலவைக்கூடத்து வேலையைக்கூட விட்டுவிட்டேன். பார்க்கிறவர்கள் கூடப்பிறந்தவன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்கிறார்கள். நான் பெருமைக்காகச் சொல்லவில்லை.

இனி அவன் ஞாபகம் பற்றிய பேச்சுக்கு வருகிறேன்.

தொழிற்சாலைப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் விசாரிக்க வந்தார். தம்பி அப்போது படுக்கையில் இருந்தான். மெயினை அணைத்தேன், பூட்டுப் போட்டேன், டெஸ்டர் வைத்துப் பார்த்தேன், பிறகுதான் கை விட்டேன் என்று சொன்னான். குரல் பலவீனமாக இருந்தாலும் உறுதியாகச் சொன்னான். அதிகாரி என் பக்கம் திரும்பினார். நான் கொஞ்ச நேரம் தயங்கினேன். தம்பியைக் காட்டிக்கொடுக்க எந்த அண்ணனுக்கும் மனசு வராது என்று அவருக்குப் புரிந்திருக்கும். பிறகு, பூட்டு அவனுடைய கருவிப் பையில்தான் இருந்தது என்று சொன்னேன்.

பையைக் கொண்டுவந்து திறந்தார்கள். இருந்தது. சிவப்புப் பூட்டு, திறந்தபடி, ஸ்குரூ டிரைவருக்கு அடியில்.

தம்பி அதை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். வாசலில் நின்ற செவிலி, மின்சாரம் பிடித்தவர்களுக்கு நினைவு குழம்புவது உண்டு, தூக்கம் கெடும், கோபம் வரும், முந்தைய நிமிடங்கள் மாறி மாறித் தெரியும் என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நல்ல பெண். அவள் சொன்னதை நான் மனதில் வாங்கிக்கொண்டேன்.

அதன்பிறகு அவன் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் நான் பொறுமையாகப் பதில் சொன்னேன். சண்டை போடவில்லை.

“நான் பூட்டினேன்ல?”

“பூட்டலையேடா. விடு. யாருக்கும் நடக்கறதுதான்.”

“கிளிக்குனு சத்தம் கேட்டுச்சே. காதுல இன்னும் இருக்கு.”

“அது முந்தின நாளா இருக்கும்.”

ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை. பிறகு இரண்டு மூன்று முறை. ஒரு கட்டத்தில் கேட்பதை நிறுத்திவிட்டான். அதற்குப் பதிலாக வேறொன்று தொடங்கியது. வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு நாற்பது முறை இழுத்துப் பார்க்கிறான். அடுப்பை அணைத்தானா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வருகிறான். தன் மகளுக்குச் சோறு ஊட்டிவிட்டு, ஊட்டினேனா என்று என்னிடம் கேட்கிறான். நான் ஆமாம் என்றால் ஆமாம், இல்லை என்றால் இல்லை. ஒருமுறை, சும்மா பார்க்கலாமே என்று, இல்லை என்று சொன்னேன். குழந்தைக்கு இன்னொரு தட்டுச் சோறு ஊட்டினான். அது வாயை மூடிக்கொண்டு அழுதது. அவன் குழந்தையை நம்பவில்லை. என்னை நம்பினான்.

உங்கள் கேள்விக்கு இதுதான் பதில், டாக்டர். அவன் மூளையில் எதுவும் கெட்டுப்போகவில்லை. அவன் பூட்டுப் போட்டான். டெஸ்டர் வைத்துப் பார்த்தான். அவன் சொன்னதெல்லாம் அப்படியே நடந்தது.

பூட்டைத் திறந்தது நான்.

மாற்றுச்சாவி என்னிடம் இருந்தது என்று முன்பே எழுதியிருக்கிறேன். பயமுறுத்தத்தான் நினைத்தேன். சுருக்கென்று ஒன்று. போட்டு உடனே அணைத்துவிட வேண்டும். அவன் கையை உதறிக்கொண்டு, முகம் வெளுத்து வர வேண்டும். இவ்வளவு பூட்டும் சாவியும் வைத்துக்கொண்டு அடி வாங்கினாயே என்று எல்லோரும் சிரிக்க வேண்டும். பெட்டிக்காரம்மாவும் சிரிக்க வேண்டும். அவ்வளவுதான் என் எண்ணம். தொழிலாளிகளுக்குள் இப்படி விளையாடுவது உண்டு.

கைப்பிடியை மேலே தள்ளினேன். அவன் கத்துவான், கத்தியதும் அணைக்கலாம் என்று காத்திருந்தேன். சத்தமே வரவில்லை. அதனால் அணைக்கவில்லை. கேட்டால் யாருக்கும் இது நியாயமாகத்தான் படும்.

ஆனால் நீங்கள் மருத்துவர். உங்களுக்குத் தெரிந்ததை நான் மறைத்து என்ன பயன். மின்சாரம் பிடித்தவனால் கத்த முடியாது. பிடியை விடவும் முடியாது. விரல் மடக்குகிற சதைகள் விரிக்கிற சதைகளைவிட வலுவானவை. மின்சாரம் எல்லாவற்றையும் ஒன்றாக இழுக்கும்போது கை தானாக இறுகி, எது கொல்கிறதோ அதையே பிடித்துக்கொள்ளும். மார்புச் சதையும் இறுகும். மூச்சு உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. எனக்கு இது தெரியும். இந்த வேலையில் சேர்ந்த மூன்றாம் வருடம் என் கண் முன்னாலேயே ஒருவர் அப்படிச் சத்தமில்லாமல் விறைத்து நின்றார்; இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் இறந்தார்.

சுவிட்ச் அறைச் சுவரில் கம்பிவலை போட்ட ஒரு ஜன்னல் இருக்கிறது. அதன் வழியாக ஆறாம் எண் டிரையர் தெரியும். தம்பியின் முதுகு தெரிந்தது. விறைத்து, பின்னால் வளைந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நான் எட்டு எண்ணினேன். ஏன் எட்டு என்று எனக்கே தெரியவில்லை. பிறகு அணைத்தேன். பூட்டை என் பையில் போட்டுக்கொண்டு நடந்து போனேன். ஓடினால் முன்பே தெரிந்தது மாதிரி இருக்கும். எல்லோரும் அவனைச் சூழ்ந்து நின்றபோது பூட்டை அவன் கருவிப் பையில் வைத்தேன்.

மருத்துவமனைக்கு ஏன் உடனே அழைத்துப் போகவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். எழுந்து உட்கார்ந்து தெளிவாக யோசிக்க அவனுக்கு ஒரு நாள் ஆகும். அதற்குள் நான் பேசிச் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். கை போகும் என்று நினைக்கவில்லை. கறுப்பாகப் போகிறது என்று அவள் சொன்னபோது கொஞ்சம் சந்தேகம் வந்தது. இல்லை, சந்தேகம் என்று சொல்ல முடியாது. என் கண் முன்னால் அடிபட்ட அந்த இன்னொருவருக்கும் அவர் உயிரோடிருந்த இரண்டு நாளில் அப்படித்தான் போயிற்று.

இதை உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், வெட்டிய கைமுனைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது, தம்பியிடமே சொல்லிவிட்டேன். சாவி, கைப்பிடி, எண்ணிக்கை எல்லாவற்றையும் சொன்னேன்.

அவன் இடது கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

“எனக்காகப் பழிய உன் மேல போட்டுக்கப் பாக்கற. வேண்டாம்ணா. நான் மறந்தது மறந்ததுதான். இனிமே இப்படிப் பேசாத.”

இன்னொரு முறை சொன்னேன். அவன் அழத் தொடங்கிவிட்டான். இவ்வளவு நல்லவனுக்குத் தன்னால் எத்தனை கஷ்டம் என்று சொல்லிச் சொல்லி அழுதான். நான் எண்ணெயைத் தடவி முடித்து, துணியைச் சுற்றிவிட்டேன்.

தம்பி மனைவி கதவருகே நின்றிருந்தாள். எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. அன்றிலிருந்து அவள் என்னை மாமா என்று கூப்பிடுவதில்லை. மாத்திரையை என் கையால் கொடுக்க விடுவதில்லை. குழந்தையையும் என்னிடம் விட்டுவிட்டு எங்கேயும் போவதில்லை. பாவம், இரண்டு வருடமாக அவளுக்கும் சரியான தூக்கம் கிடையாது. அவளுக்கும் ஏதாவது எழுதிக் கொடுத்தால் நல்லது.

அந்தக் கடுமையான மாத்திரை வேண்டாம், டாக்டர். அவனுக்கு வேண்டியது ஓய்வும், பக்கத்தில் நம்பிக்கையான ஒரு ஆளும்தான். இதில் சிகிச்சைக்குத் தேவையானதை மட்டும் அவன் கோப்பில் சேர்த்துக்கொண்டு மீதியைக் கிழித்துவிடலாம். உண்மையைச் சொல்லியாகிவிட்டது; நம்பாதது அவன் பிடிவாதம். கூடப்பிறந்தவனாக நான் அவனுக்குச் செய்ய வேண்டியதில் ஒரு குறையும் வைக்கவில்லை.